சின்னப்பாவுக்கு ஒரு கடதாசி

தாயின் இரண்டாம் கணவன் வளர்த்தெடுக்கும் பிள்ளைகள் திருகோணமலை மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பட்டினத்திலும் இருக்கிறார்கள், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, வெருகல் என்று எந்தப் பக்கம் போனாலும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவதும், காய்ச்சலில் இரவு முழுக்கத் தூக்கி வைத்திருப்பதும், பரீட்சைக் கட்டணத்துக்குக் கடன் வாங்குவதும் அந்த மனிதர்தான். வீட்டில் அவரைச் சின்னப்பா என்றோ, நேராக அப்பா என்றோ பிள்ளை கூப்பிடும். ஆனால் அரசாங்கத்தின் எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் அந்தப் பிள்ளைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

முதலாம் ஆண்டு அனுமதி விண்ணப்பத்தில் இந்த இடைவெளி பெரிதாகத் தெரிவதில்லை. தாய் கையெழுத்துப் போட்டுவிடலாம். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் பிள்ளை இத்தனை வருடமாகப் பாடசாலையில் எழுதிவரும் பெயரும் ஒத்துவராமல் முதல் முடிச்சு விழும். பிறகு கடவுச்சீட்டு. பிறகு காணி. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருந்தாலோ, இறந்துவிட்டாலோ, சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வைப்பதற்கே அவர் யார் என்ற கேள்வி வந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் குடும்பங்கள் சட்டத்தரணியைத் தேடி ஓடுகின்றன.

அவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் கதவு ஒன்றுதான்: 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச்சட்டம். பிள்ளையில்லாத தம்பதியர், முன்பின் அறியாத ஒரு குழந்தையைச் சுவீகாரம் எடுப்பதை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. தன் மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளையை ஏற்க வரும் மனிதரும் அதே மாவட்ட நீதிமன்றத்துக்கு, அதே மனுவோடு, அதே நிபந்தனைகளுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

அந்த நிபந்தனைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. மனுதாரருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளையைவிட அவர் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதிக்குச் சட்டம் சில விலக்குகளைத் தந்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, கணவனுக்கோ மனைவிக்கோ வேறொருவர் மூலம் பிறந்த பிள்ளை. 26 வயது இளைஞர் ஒருவர் எட்டு வயது மகளுடைய ஒரு கைம்பெண்ணை மணக்கிறார் என்று வையுங்கள். வயது வித்தியாசம் 18தான். இந்த விலக்கு இருப்பதால் மட்டுமே அவரால் மனுவோடு நீதிமன்றப் படியேற முடிகிறது. இத்தகைய பிள்ளைக்கென்று கட்டளைச்சட்டம் காட்டும் தனிக் கவனம் பெரும்பாலும் அந்த ஒரு வரியோடு சரி.

அடுத்தது சம்மதம். பெற்றோரின், பாதுகாவலரின், பிள்ளையைக் கையில் வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டும். முதல் தகப்பன் உயிரோடு இருந்தால் அவருடையதும் வேண்டும். பிள்ளையை அவர் கைவிட்டிருந்தால், அவரைக் கண்டுபிடிக்க முடியாதிருந்தால், சம்மதம் தரும் நிலையில் அவர் இல்லாதிருந்தால், தாபரிக்கும் கடமை இருந்தும் தொடர்ந்து தட்டிக்கழித்து வந்திருந்தால், நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே மேலே போகலாம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் பிள்ளையின் சம்மதமும் கட்டாயம். 1941இல் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து ஆம், இல்லை கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தவர்களை நான் மதிக்கிறேன். இந்தச் சட்டத்தின் மிக நல்ல வரி அதுதான்.

சம்மதம் தருபவர் அதன் விளைவை விளங்கித்தான் தருகிறாரா, பிள்ளையின் நலனுக்கு இது உகந்ததா, பணமோ பொருளோ கைமாறியதா என்றும் நீதிமன்றம் பார்க்கும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரிப்பதும் அறிக்கை கொடுப்பதும் இதற்காகத்தான். சொந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு இத்தனை கேள்வியா என்று சிலர் மனம் நோகிறார்கள். நோக வேண்டியதில்லை. 1980களில் இந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குச் சுவீகாரம் போனார்கள். அவர்களிற் பலருடைய கடதாசிகள் பொய், தாய் என்று கையெழுத்திட்டவர்கள் சிலர் தாயே அல்ல என்பது பின்னாளில் வெளியானது. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அதை உலகறியச் செய்தது. விசாரணை இருக்கட்டும். அதிலும், தனியொரு ஆண் ஒரு பெண் பிள்ளையை மகவேற்க வந்தால், விசேட காரணங்கள் இருந்தாலன்றி ஆணை வழங்கக்கூடாது என்று சட்டம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதே வரியால், மனைவி இறந்தபின் அவளுடைய மகளைத் தொடர்ந்து வளர்க்கும் மனிதர் அந்த விசேட காரணத்தை நிறுவியாக வேண்டியிருக்கிறது. தாய் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்து மனுச் செய்வது ஏன் முக்கியம் என்பது இங்கே விளங்கும்.

இனித்தான் என் மனதை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். மகவேற்புக் கட்டளை பிறந்ததும், பெற்ற பெற்றோருக்குப் பிள்ளை மீதுள்ள உரிமைகளும் கடமைகளும் அற்றுப்போகின்றன. பிள்ளை, மகவேற்றவருக்கு முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளையாகவே சட்டத்தில் கருதப்படும். பதிவாளர் நாயகத்தின் மகவேற்கப்பட்ட பிள்ளைகளின் பதிவேட்டில் புதிய பதிவு விழும். அதிலிருந்துதான் இனிப் பிரதி கிடைக்கும். முன்பின் அறியாத குழந்தைக்கு இது சரியான ஏற்பாடு. சொந்தத் தாயோடு வாழும் பிள்ளைக்கு? கணவனும் மனைவியும் சேர்ந்து மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. அப்படிச் செய்தால், பத்து மாதம் சுமந்து பெற்ற தாய் தன் பிள்ளையைத் தானே மகவேற்றவளாகப் பதிவாகிறாள். கணவன் மட்டும் மனுச் செய்தால், பெற்றோரின் உரிமை அற்றுப்போகும் என்ற விதி தாயையும் தொட்டுவிடுமோ என்ற பயம் எழுகிறது.

இங்கிலாந்திலும் நீண்டகாலம் இதே கோலம்தான். அங்கே 2002ஆம் ஆண்டின் மகவேற்பு மற்றும் பிள்ளைகள் சட்டம் அதை மாற்றியது. 2005 டிசம்பர் 30ஆம் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, தாயின் துணைவர் மட்டும் மனுச் செய்யலாம். தாய் தாயாகவே இருப்பாள். நம்முடைய 1941 சட்டத்துக்கு மாதிரியாக நின்றது அந்த நாட்டின் பழைய முறை. மாதிரியைத் தந்தவர்களே அதை விட்டு விலகி இருபது வருடமாகிறது.

தாயின் நிலை ஒரு புறம். மறு புறத்தில் இருப்பது இறந்த தகப்பனின் பெயர். மற்ற மாவட்டங்களைவிடத் திருகோணமலைக்கு இது அதிகம் வலிக்கும். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனது. 2006இல் சம்பூரும் மூதூர் கிழக்கும் ஒரேயடியாக இடம்பெயர்ந்தன. அதற்கு முந்திய இருபது வருடங்களில் பிடிபட்டுத் திரும்பாதவர்களின் கணக்கு வேறு. கடலுக்குப் போய்த் திரும்பாத படகுகள் இன்றைக்கும் உண்டு. இப்படிப் போன ஒருவரின் பிள்ளைக்கு, அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர் மட்டும்தான். பேரப்பிள்ளையின் பத்திரத்தில் தன் மகனின் பெயர் இருக்காது என்று கேள்விப்படும் அப்பம்மாவிடம் போய்ச் சட்டத்தின் நியாயத்தை யார் விளங்கப்படுத்துவது? அவளுடைய எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மகவேற்பை வேண்டாம் என்று விட்டுவிடும் குடும்பங்கள் பலவற்றில் செலவு, அலைச்சல் என்பவற்றைவிட இந்தத் தயக்கமே பெரிதாக நிற்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில் முடிச்சு இன்னும் இறுகியது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு இறப்புப் பதிவைப் பெறும் வழியைத் தந்தது. கணவன் இறந்துவிட்டான் என்று எழுதித்தர மறுத்த பெண்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2016ஆம் ஆண்டின் திருத்தம் காணாமற்போனமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. அந்தச் சான்றிதழ் அவள் மனச்சாட்சிக்கு இடம் கொடுத்தது. மறுமணத்துக்கு இடம் கொடுக்கவில்லை, ஏனெனில் அதனால் திருமணம் முடிவுக்கு வருவதில்லை. மறுமணம் பதிவாக வேண்டுமென்றால் முதல் கணவனின் இறப்பையோ விவாகரத்தையோ காட்ட வேண்டும். பதிவில்லாமல் சேர்ந்து வாழ்ந்தால், அந்த மனிதர் சட்டத்தின் கண்ணில் கணவரே அல்லர். கணவன் மனைவி சேர்ந்து மனுச் செய்யும் வழி அடைபடும், மனைவியின் பிள்ளை என்ற வயது விலக்கும் கிடைக்காது. ஆக, பிள்ளைக்கு ஒரு தகப்பனைச் சட்டப்படி தருவதற்கு, முதலில் அவள் மற்றத் தகப்பன் இறந்துவிட்டான் என்று ஒப்பமிட வேண்டும், இல்லையேல் அவனை விவாகரத்துச் செய்ய வேண்டும். போர் முடிந்த 2009இல் சிறு குழந்தைகளாக இருந்தவர்கள்கூட இன்று வாக்காளர் வயதை அடைந்துவிட்டார்கள். அவர்களுக்கு எந்தச் சீர்திருத்தமும் இனிப் பிந்தியது. ஒரு தலைமுறை முழுவதும் இந்தக் கதவுக்கு வெளியே நின்று வளர்ந்தது என்பதை இந்த மாவட்டத்தின் அரசியல்வாதிகள் ஒருவரும் பெரிதாகப் பேசாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறொரு காரணம் உண்டு. பிள்ளையை அதன் உண்மைத் தகப்பனின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது மார்க்கக் கட்டளை. அநாதையை வளர்ப்பது பெரும் நன்மை. வம்சத்தை மாற்றி எழுதுவது ஆகாது. வளர்ப்புப் பிள்ளை மார்க்கச் சட்டப்படி வாரிசும் ஆவதில்லை. முஸ்லிம்களின் வாரிசுரிமையை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அந்தச் சட்டத்தின்படியே விடுகிறது. எனவே மனைவியின் பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க விரும்புபவர் உயிரோடிருக்கும்போதே நன்கொடையாகக் கொடுக்கிறார், அல்லது சொத்தில் மூன்றிலொரு பங்குக்குள் வசிய்யத் (மார்க்க முறைப்படியான மரண சாசனம்) எழுதுகிறார். ஆனால் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் அவருக்கு ஒரு தகுதி தேவைப்படும்போது, மகவேற்பு என்ற ஒரே கதவை அவர் தொடமாட்டார். சம்பூர் அப்பம்மாவும் கிண்ணியா வாப்பாவும் வெவ்வேறு காரணங்களால் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்: பிள்ளையை முழுப் பொறுப்போடு வளர்க்க வேண்டும், பெற்றவனின் பெயரையும் விடக்கூடாது.

காணி விடயத்தைச் சொல்லாமல் போக முடியாது. பொதுச் சட்டத்தின் கீழ் வரும் ஒருவர், மரண சாசனம் எழுதாமல் இறந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. அவருக்கென்று பிள்ளையில்லாவிட்டால் அந்தப் பாதி அவருடைய பெற்றோர், சகோதரர் பக்கம் போகும். இருபது வருடம் அவர் கையால் சோறு தின்ற பிள்ளைக்கு அதில் பங்கில்லை. இதற்காவது மரண சாசனம் என்ற மருந்து உண்டு. நம் சட்டத்தில் யாருக்கும் எதையும் எழுதி வைக்கலாம். ஆனால் கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களின் பெர்மிட் காணிக்கு அந்த மருந்தும் பலிக்காது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ், பின்னுரித்தாளராக வாழ்க்கைத் துணையை அல்லது மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவினரை மட்டுமே நியமிக்கலாம். உறவினர் என்றால் இரத்த வழி உறவினர், மண வழி உறவினர் அல்லர் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. மனைவியின் பிள்ளை மண வழி. மகவேற்புக் கட்டளை கையில் இருந்தால், சட்டப்படி இவன் என் பிள்ளை என்று வாதிட இடமுண்டு. இல்லாவிட்டால், அவரோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டி வயல் விதைத்த பையனுக்குப் பேச ஒரு சொல்லும் கிடையாது.

இப்படி ஒரு சிக்கல் இருப்பதைப் பழைய வழக்கச் சட்டம் நன்றாக அறிந்திருந்தது. யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமையில், கணவனை இழந்த தாய் மறுமணம் செய்தால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு விரிவான விதிகள் உண்டு. சிறு பிள்ளைகளை அம்மம்மாவோ நெருங்கிய உறவினரோ பொறுப்பேற்பார்கள். இறந்த தகப்பன் கொண்டுவந்த சொத்து பிள்ளைகளுக்காக அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட வேண்டும். சுவீகாரத்துக்கும் தனிச் சடங்கு இருந்தது: வாரிசாகக்கூடிய உறவினரின் சம்மதத்தைக் கேட்டு, அவர்கள் முன்னிலையில் மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளையை ஏற்றார்கள். அந்த விதிகளை இன்று திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. மறுமணம் செய்தவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் ஏற்பாட்டை யார் விரும்புவார்? இறந்தவனின் சொத்தும் பெயரும் பிள்ளையோடு நிற்க வேண்டும் என்று அவர்கள் கருதியதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இரண்டாம் திருமணத்தைத் தனியொரு விடயமாக எடுத்து அவர்கள் விதி செய்தார்கள். 1941 செய்யவில்லை.

நமக்குத் தேவை, ஒன்றுமில்லை என்பதற்கும் எல்லாம் என்பதற்கும் இடையில் ஒரு நிலை. இங்கிலாந்து அதே 2005 டிசம்பரில் அதையும் கொண்டுவந்தது. தாயை மணந்தவர், பெற்றோரின் எழுத்து உடன்படிக்கை மூலமோ நீதிமன்ற ஆணை மூலமோ, பிள்ளை மீது பெற்றோர்ப் பொறுப்பைப் பெறலாம். பாடசாலையில், வைத்தியசாலையில் அவர் கையெழுத்து செல்லும். பெற்ற தகப்பனின் பெயர் அழியாது, உறவு அறுபடாது. லண்டனில் வாழும் திருகோணமலைக் குடும்பங்களுக்கு இன்று கிடைக்கும் இந்த வசதி, ஊரில் இருக்கும் அவர்களுடைய உறவினருக்குக் கிடையாது. இந்தியாவிலும், 2022ஆம் ஆண்டின் மகவேற்பு ஒழுங்குவிதிகள் வாழ்க்கைத் துணையின் பிள்ளையை மகவேற்பதைத் தனி வகையாக எடுத்து, பொதுவான வயதுக் கட்டுப்பாடுகளை அதற்குத் தளர்த்தியிருக்கின்றன.

நமது சட்டவாக்கத்துக்கும் இது புதிதல்ல. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பெற்றோர் என்ற ஏற்பாட்டைச் செய்தது. மகவேற்பு அல்லாமலே, பொருத்தம் பார்த்து, மேற்பார்வையோடு, ஒரு பிள்ளையை ஒரு வீட்டின் பொறுப்பில் விட முடியும் என்று இந்த நாட்டின் பாராளுமன்றமே அன்று ஏற்றுக்கொண்டது. பேரிடருக்காகச் சில மாதங்களில் எழுத முடிந்ததை, அன்றாடம் நடக்கும் மறுமணங்களுக்காக இருபது வருடத்தில் எழுத முடியவில்லை.

எழுதப்படும்போது மூன்று விடயங்களில் உறுதி வேண்டும் என்பேன். தாயின் கணவர் மட்டும் மகவேற்க மனுச் செய்தால், தாயின் உரிமைக்கு ஊறு வராது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மகவேற்பை விரும்பாதவர்களுக்கு, பெற்றவரின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் தரும் ஒரு பதிவு வேண்டும். அதைப் பிரதேச செயலக மட்டத்தில் தொடங்கி மாவட்ட நீதிமன்றத்தில் உறுதிசெய்யலாம். பெற்ற தகப்பனின் தாபரிப்புக் கடமை அதனால் நீங்கக்கூடாது; மகவேற்பு அந்தக் கடமையை இல்லாமல் செய்துவிடுகிறது என்பதைப் பல தாய்மார் பிந்தித்தான் அறிகிறார்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் அட்டவணையிலும் இத்தகைய பிள்ளைக்கு இடம் வேண்டும்.

துர்ப்பிரயோகம் நடக்குமே என்று கேட்பவர்களின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தாயின் புதுக் கணவனால் பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்த செய்திகளை இதே பத்திரிகைப் பக்கங்களில் வாசிக்கிறோம். அதனால்தான் நன்னடத்தை உத்தியோகத்தரின் விசாரணையைப் புதிய ஏற்பாட்டிலும் விடாமல் வைக்க வேண்டும். இன்று பெரும்பாலான வீடுகளில் எந்தப் பதிவும் இல்லாமல், எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்காமல் அந்த மனிதர் பிள்ளையோடு வாழ்கிறார். ஒரு மனுவும் ஒரு விசாரணையும் வந்தால் பிள்ளையின் பாதுகாப்பு கூடுமே தவிரக் குறையாது.

சட்டம் மாறும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்கப்போவதில்லை. ஆகவே இப்போதைக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குறுக்குவழி காட்டுபவர்கள் எல்லாக் கந்தோர் வாசலிலும் நிற்கிறார்கள்: காலம் பிந்திய பதிவு என்று சொல்லி இரண்டாவது கணவனின் பெயரைத் தகப்பன் என்று போட்டுப் புதுப் பிறப்புப் பத்திரம் எடுத்துத் தருவதாகச் சொல்வார்கள். அது பொய்ப் பதிவு, தண்டனைக்குரிய குற்றம். பிள்ளை பெரியவராகி வெளிநாட்டு விசாவுக்கோ அரச உத்தியோகத்துக்கோ போகும் நாளில் இரண்டு பதிவுகளும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்; அதன் விலையை அந்தப் பிள்ளை கொடுக்கும். அதற்குப் பதிலாக, விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புப் பத்திரம், இரண்டாம் திருமணப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பாடசாலைப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போகலாம். வசதியில்லாதவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. முதல் கணவன் உயிரோடிருந்து பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதவராக இருந்தால், அதற்கான அத்தாட்சிகளை, கட்டப்படாத தாபரிப்புப் பணத்தின் நீதிமன்றப் பதிவு உட்பட, பத்திரப்படுத்தி வையுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் ஆணை பெற உதவுவது அதுதான். பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால், சட்டத்தரணியிடம் போவதற்கு முதல் நாளே அவனையோ அவளையோ இருத்தி வைத்துப் பேசுங்கள். எந்தப் பெயர் எங்கே மாறும், எது மாறாது என்று சொல்லுங்கள். நீதிபதி கேட்கப்போகும் கேள்வியை அந்தப் பிள்ளை முதன்முதலாக நீதிமன்றத்தில் கேட்கக்கூடாது.